பெரிய டயர் கேட்ட அக்கா

அந்த அக்கா முதன்முதலாக எங்கள் பட்டறைக்கு வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஜீப்பை ஷெட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்தி இறங்கியவர், என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் குனிந்து வண்டியின் அடிப்பக்கத்தைப் பார்த்தார். நிமிர்ந்து, முழங்காலுக்கு மேலே தொடையில் கையை வைத்துக் காட்டினார்.

"கல்லு இம்புட்டு ஒசரம் தம்பி. ஏறி எறங்கணும். வண்டிய எம்புட்டு ஒசத்த முடியும்?"

ஐம்பதைத் தாண்டிய வயது. சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு, ரப்பர் செருப்பு. பழைய டீசல் ஜீப். அதன் மேல் மாவு கொட்டினாற்போல் வெள்ளையாகக் கல்பொடி.

மாட்டுத்தாவணியிலிருந்து மேலூர் போகிற ரோட்டில் நானும் பாயும் சேர்ந்து அந்தப் பட்டறையை நடத்தினோம். பாய் மெக்கானிக், வெல்டிங்கும் அவர்தான். சாமான் வாங்குவது, வருகிறவர்களிடம் பேசுவது, வேலை முடிந்த வண்டியை ஓட்டிப் பார்ப்பது என் பொறுப்பு. ஜீப்புகளை உயர்த்திப் பெரிய டயர் மாட்டிக் கொடுப்பதுதான் எங்களுக்குப் பேர் வாங்கித் தந்த வேலை. வருகிறவர்கள் பெரும்பாலும் வசதியான வீட்டுப் பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை எங்காவது ஒரு கண்மாய்க்குள் வண்டியை இறக்கிச் சேற்றில் சிக்கவைத்து, மீட்டு, படம் எடுத்துப் போடுவார்கள். கல் தாண்டியே ஆகவேண்டும் என்று வந்தவர் எனக்குத் தெரிந்து இந்த அக்கா ஒருவர்தான்.

பாய் வண்டிக்கு அடியில் படுத்து, பின் அச்சின் நடுவில் உருண்டையாகத் தொங்குகிற இரும்புக் கூட்டைத் தட்டிக் காட்டினார். கல்லில் மோதி மோதி அதன் அடி நசுங்கியிருந்தது.

"ஸ்பிரிங்க ஒசத்தினா பாடி மட்டுந்தான்க்கா மேல போகும். இந்த உருண்டை அச்சோட கெடக்கு. இது மேல வரணும்னா டயரு பெருசாகணும். டயரு பெருசானா மட்கார்டுல ஒரசும். ஒரசாம இருக்கத்தான் ஸ்பிரிங்க ஒசத்துறது."

"அப்ப ரெண்டும் பண்ணுங்க."

"பண்ணலாம். ஆனா ஒண்ணத் தொட்டா இன்னொண்ணு கேக்கும். ஸ்டியரிங்கு கனமாயிரும். பிரேக்கு பிந்திப் புடிக்கும். கிளட்ச்சு சீக்கிரம் போகும். வண்டி ஒசரமாயிட்டா சாய்மானத்துல கவுறவும் செய்யும்."

"ஒவ்வொண்ணா வரட்டும் பாய். வர்றப்ப நானும் வாரேன்," என்றார்.

அப்படித்தான் வந்தார். அதற்கப்புறம் சில வருஷங்கள் எங்கள் பட்டறையில் அவர் கால் வைக்காத மாதம் குறைவு. ஜீப்பக்கா என்று நாங்கள் பேர் வைத்திருந்தோம்.

அவருடைய நிலம் மேலூருக்குக் கிழக்கே ஒரு கல்குவாரிக்குப் பின்னால் இருந்தது. குவாரி வருவதற்கு ரொம்ப காலம் முன்பே அங்கே ஒரு வண்டிப்பாதை உண்டு. குவாரிக்காரர்கள் விலைக்குப் போகாத கல்லைப் பாதை ஓரத்தில் கொட்ட ஆரம்பித்து, பிறகு பாதை மேலேயே கொட்டினார்கள். அக்காவும் அவர் வீட்டுக்காரரும் மனு மேல் மனுவாகக் கொடுத்துக்கொண்டிருந்தபோதே வேறு ஏதோ வழக்கில் குவாரியை மூடி சீல் வைத்துவிட்டார்கள். கொட்டியவன் போய்விட்டான், கல் கிடந்தது. வழக்கு முடிகிறவரை அங்குள்ள எந்தக் கல்லையும் யாரும் நகர்த்தக் கூடாது என்று உத்தரவு. பெரிய கற்களுக்கெல்லாம் சிவப்புப் பெயிண்டில் எண் போட்டார்கள். அக்காவின் பாதை மேல் கிடந்த கற்களுக்கும் எண் விழுந்தது.

"என் பாதையில கெடக்குற கல்ல நான் தொட்டா என் மேல கேஸு," என்று சொல்வார். "தாண்டிப் போனா கேஸு இல்லயாம். அதான் தாண்டுறேன்."

இதற்குள் வீட்டுக்காரர் நெஞ்சுவலியில் போய்விட்டார். ஜீப் அவருடையது. பால் கேன் ஏற்றி மேலூருக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் போன பிறகு கொழுந்தனாரை வற்புறுத்தி, வற்றிக் கிடந்த கண்மாய்க்குள் வைத்து அக்கா வண்டி ஓட்டப் பழகினார்.

நான் ஒருதரம் கேட்டேன். "இம்புட்டுக் கஷ்டப்பட்டு வண்டியில போறதுக்கு, நடந்து போயிறலாமேக்கா. நடக்குறதுக்கு இடுக்கு இருக்குல்ல?"

"நடந்து போனா அது ஒத்தையடிப்பாதை ஆயிரும் தம்பி. எனக்குள்ளது வண்டிப்பாதை. வண்டி போனாத்தான் அது வண்டிப்பாதை."

பாதையைப் புழக்கத்தில் வைத்திருங்கள், விட்டுவிடாதீர்கள் என்று யாரோ ஒரு வக்கீல் சொல்லியிருக்கிறார். அவர் போகிறபோக்கில் சொன்னதாகத்தான் இருக்கும். அக்கா அதைச் சாமிக்கு நேர்ந்த விரதம்போல் பிடித்துக்கொண்டார். தினமும் ஒருதரம் வண்டி அந்தக் கல்லைத் தாண்டி நிலத்துக்குப் போகவேண்டும், திரும்பி வரவேண்டும். மழையோ வெயிலோ, நல்லதோ கெட்டதோ.

"போகாத நாளுன்னு ஒண்ணு வந்துருச்சுன்னா, அன்னையிலருந்து அங்கிட்டு ஒரு பாதை இருந்துச்சுன்னு நாந்தான் சத்தியம் பண்ணிக்கிட்டு அலையணும். எவன் நம்புவான்?"

முதல் வேலையில் ஸ்பிரிங் பட்டைகளை மாற்றி வண்டியை உயர்த்தினோம். அதற்கேற்ற நீளத்தில், குலுக்கலைத் தாங்குகிற ஷாக் போட்டோம். டயரை மாட்டி ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துப் பார்த்தால் முன் மட்கார்டின் விளிம்பில் உரசியது. வெட்டித்தான் ஆகவேண்டும். அந்த இடத்தில்தான் அக்காவின் வீட்டுக்காரர் தங்கள் மகளின் பெயரை வளைத்து வளைத்து எழுதவைத்திருந்தார். பாய் கட்டிங் மிஷினைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார்.

"பேருல பாதி போயிருமேக்கா."

அக்கா விளிம்பை விரலால் ஒருதரம் தடவினார். "எழுத்துதான. வெட்டுங்க."

வேலை முடிந்த மறுநாள் வண்டி எங்கே உரசுகிறது என்று பார்க்க நானும் கூடப் போனேன். குவாரி வாசலில் ஒரு தகர ஷெட். அதில் ஒரு காவல்காரர், வயதானவர். அந்த ஷெட்டுக்கு நேரே வந்ததும் அக்கா ஹாரனை ஒருதரம் அடித்தார். உள்ளே இருந்தவர் தலையை நீட்டிப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

"எதுக்குக்கா ஹாரன்? ரோட்டுல ஒருத்தரும் இல்லையே."

"நான் போனத ஒரு ஆளு பாக்கணும்ல."

அந்தக் கற்களின் மேல் அவர் வண்டி ஓட்டியதை நான் சொல்லியாக வேண்டும். எங்களிடம் வருகிற பையன்கள் கல்லைக் கண்டால் ஆக்ஸிலேட்டரை மிதிப்பார்கள். அக்கா மிதிக்கவே மாட்டார். சின்ன கியரில் போட்டு, முன்சக்கரம் கல்லைத் தொட்டு நின்று, மெல்லக் கவ்வி, ஏறி, வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து, மறுபக்கம் இறங்குகிறவரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார். ஒவ்வொரு கல்லும் அவருக்குத் தெரியும். "இவன் வழுக்குவான்", "இவன் மழைக்கு அப்புறம் கொஞ்சம் ஆடுறான்" என்று ஆட்களைச் சொல்வதுபோலச் சொன்னார். இடது பக்கம் குவாரிப் பள்ளம். எட்டிப் பார்த்தால் வெகு ஆழத்தில் பச்சையாகத் தண்ணீர்.

நிலத்தில் போய் நின்றதும் இறங்கிச் சுற்றிப் பார்த்தேன். அங்கே ஒன்றுமே இல்லை. பயிர் வைத்துப் பல வருஷம் ஆகிவிட்டது போலிருந்தது. கிணற்றுக்குள் பார்த்தேன். அடியில் காய்ந்த மண்ணும் ஒரு பிளாஸ்டிக் குடமும். பக்கத்துப் பள்ளம் கிணற்றைவிட ஆழம். ஊற்றெல்லாம் அங்கே இறங்கிவிட்டது.

அக்கா வண்டியிலிருந்து களைக்கொத்தை எடுத்துக்கொண்டு இறங்கினார். வரப்போரமாகக் குனிந்து, முளைவிட்டிருந்த கருவேலங்கன்றுகளை ஒவ்வொன்றாக வேரோடு கொத்திப் போட்டுக்கொண்டே போனார். விதைக்காத நிலத்துக்குக் களை எடுத்தார்.

"விட்டா காடாயிரும். காடுன்னு ஆபீஸு கணக்குல எழுதிப்புடுவாய்ங்க," என்றார்.

அவர் தூக்குச்சட்டியில் கொண்டுவந்த புளிச்சோற்றை இரண்டு பேரும் வண்டி நிழலில் உட்கார்ந்து தின்றோம். திரும்புகிற வழியில் காவல்காரருக்கும் ஒரு பொட்டலம் கொடுத்தார்.

பாய் எச்சரித்ததெல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. பெரிய டயரின் கனத்தில் ஸ்டியரிங் ராடு வளைந்தது. அச்சுக்குப் போகிற நீளமான ஷாப்ட் சாய்வாக ஓடியதில் அதன் ஜாய்ன்ட் தேய்ந்து ரோட்டில் வண்டி நடுங்கியது. சரிசெய்தோம். கிளட்ச் போனது. மாற்றினோம். அதற்குள் ஒரு மழைக்குக் கல் சரிந்து, தாண்டவேண்டிய உயரம் கூடிப்போனது. இன்னும் பெரிய டயர் கேட்டு வந்தார். போட்டோம். பெரிய டயருக்காக மறுபடி உயர்த்தினோம். மூன்றாவது முறை கேட்டபோது பாய் கையை விரித்துவிட்டார். இதற்கு மேல் உயர்த்தினால் கவிழும், நான் செய்யமாட்டேன் என்றார். அக்கா சண்டை போடவில்லை. அந்தக் கல்லை ஏறாமல் அதை ஒட்டி, பள்ளத்தின் ஓரமாக ஒரு பக்கச் சக்கரத்தை விட்டுப் போகப் பழகிக்கொண்டார். அதைப் பார்த்துவிட்டு வந்த பாய் அன்றைக்கு வேறு எந்த வண்டியையும் தொடவில்லை.

வண்டி உயர உயர அதில் ஏறுவது கஷ்டமாயிற்று. படி வைத்துத் தருகிறோம் என்றோம். படி கல்லில் இடிக்கும் என்று வேண்டாம் என்றுவிட்டார். ஸ்டியரிங்கைப் பிடித்து, ஒரு காலைத் தூக்கி வைத்து, மூச்சைப் பிடித்து உடம்பை மேலே இழுத்துக்கொள்வார். ஏறி உட்கார்ந்ததும் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொள்வார். வண்டி கல்லில் விழுந்து எழுந்ததில் இடுப்பும் முதுகும் விட்டுப்போயிருந்தன. டாக்டர் வண்டியே ஓட்டக் கூடாது என்று சொல்லியிருந்தார். அதைச் சிரித்துக்கொண்டே எங்களிடம் சொன்னார்.

ஒரு நாள் பட்டறைக்கு ஒரு இளம்பெண் வந்தாள். ஜீப்பக்காவின் மகள் என்று அவள் சொல்வதற்கு முன்பே தெரிந்தது. அதே நெற்றி, அதே கடித்த பல். நாகமலை புதுக்கோட்டையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ரெண்டு பஸ் மாறி வந்திருந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணே, இனிமே அம்மா வண்டி வேலைன்னு வந்தா முடியாதுன்னு சொல்லிருங்க."

"நாங்க முடியாதுன்னா வேற எடத்துக்குப் போகும்மா. அங்க எப்படிச் செய்வாய்ங்களோ தெரியாது. நாங்களாச்சும் பாத்துச் செய்யுறோம்," என்றார் பாய்.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தாள். குரல் உயரவேயில்லை.

"எனக்குப் பிரசவத்துக்கு மதுரையில ஆஸ்பத்திரியில சேத்தாங்க. அம்மா வந்துச்சு. காலையிலருந்து என் கையப் புடிச்சுக்கிட்டுத்தான் உக்காந்திருந்துச்சு. வலி வர்றதும் போறதுமா இருந்துச்சு. மத்தியானத்துக்கு மேல, இன்னும் நேரமாகும்னு நர்ஸு சொன்னாங்க. அம்மா எந்திரிச்சிருச்சு. போயிட்டு ஓடியாந்துர்றேன் கண்ணு, பொழுது சாயுறதுக்குள்ள அந்தக் கல்லத் தாண்டணும்னுச்சு. போகாதம்மான்னேன். இன்னைக்கு ஒரு நாளு போகாட்டி என்னம்மான்னேன். நெத்தியத் தடவிக் குடுத்துட்டுப் போயிருச்சு."

பாய் தண்ணீர் மோந்து அவளிடம் நீட்டினார்.

"அது வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சுண்ணே. புள்ள அழவேயில்ல. அம்மா திரும்பி வந்தப்ப சட்டையெல்லாம் வெள்ளையா கல்லுப்பொடி. அப்படியே வந்து என்னையக் கட்டிப்புடிக்க வந்துச்சு. நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன்."

அம்மா இருந்திருந்தாலும் பிள்ளை பிழைத்திருக்காது, டாக்டரே சொன்னார் என்று அவளே சொன்னாள். "அது எனக்குத் தெரியும். ஆனா எனக்கு யாரும் இல்லாம இருந்துச்சு," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். பாய் அவளை பைக்கில் மாட்டுத்தாவணியில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.

அடுத்தமுறை அக்கா வந்தபோது, மகள் வந்துபோனதைச் சொன்னேன். அவர் மட்கார்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அவளுக்காகத்தான தம்பி அந்த எடம். எனக்கென்ன, இன்னைக்கோ நாளைக்கோ."

"அவங்க எடம் வேணும்னு கேக்கலையேக்கா."

"இப்பக் கேக்கமாட்டா. பின்னாடி கேப்பா. கேக்கும்போது நான் என்னத்தத் தூக்கிக் குடுக்க?"

வீம்பு என்று சொல்லிவிடலாம். ஊரில் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வீம்பு இல்லை. நடுக்காட்டில் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வழி தேடுகிறவளின் முகம் அது. பிள்ளை கையை விட்டுவிட்டுப் போனது அவருக்குத் தெரிந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பல வருஷ மனுவுக்குப் பலனாக ஒரு வழியாகப் பாதையை நேரில் பார்க்க அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. அக்காவை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை. முந்தின நாளே வண்டியைக் கொண்டுவந்து கிரீஸ் அடித்து, தண்ணீர் விட்டுக் கழுவி, சீட்டில் புதுத்துண்டு விரித்துக்கொண்டு போனார். வண்டி விவரம் ஏதாவது கேட்டால் சொல்ல என்னையும் வரச்சொன்னார்.

வந்த அதிகாரி கெட்டவர் இல்லை. வெயிலுக்குத் தொப்பி போட்டிருந்தார். தன் வண்டியைக் குவாரி வாசலோடு நிறுத்திவிட்டு, பாதை மேல் கிடந்த கற்களைப் பார்த்து, "இதுல எப்படிம்மா போறது?" என்று அங்கலாய்த்தார். அந்த நிமிஷத்தில் அவர் அப்படியே திரும்பிப் போயிருக்கலாம்.

"ஏறுங்க சார், நான் கூட்டிட்டுப் போறேன்," என்றார் அக்கா.

அதிகாரியும் அளக்க வந்தவரும் பின்னால் ஏறினார்கள். நான் முன்னால் உட்கார்ந்தேன். அன்றைக்கு அக்கா ஓட்டியதுபோல் என்றைக்கும் ஓட்டியதில்லை. வந்தவர்களுக்கு நோகக் கூடாது என்று ஒவ்வொரு கல்லிலும் பூப்போல ஏற்றி இறக்கினார். பள்ளத்து ஓரத்தில் சக்கரத்தை விடுகிற இடத்தில் அதிகாரி கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். நிலத்தில் இறங்கிச் சுற்றிப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார், அளந்தார்கள், திரும்பினோம். கிளம்பும்போது, "நல்லா ஓட்டுறீங்கம்மா," என்றார். அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

பதில் வர ரொம்ப நாளாயிற்று. வக்கீல் ஆபீஸில் படித்துச் சொன்னார்களாம். அங்கிருந்து நேராகப் பட்டறைக்கு வந்தார். வண்டியை விட்டு இறங்காமலே சொன்னார்.

"பாதையில வண்டி போயிட்டு வந்துக்கிட்டுத்தான் இருக்காம். அதனால அடைப்பு ஒண்ணும் இல்லையாம். மனுவத் தள்ளிட்டாங்க."

பாய் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். "நீங்க ஏத்திக்கிட்டுப் போயிருக்கக் கூடாதுக்கா."

"ஏத்தாம? அவரு எப்படிப் பாதையப் பாப்பாரு?"

பாய்தான் யோசித்துச் சொன்னார், பேசாமல் பழைய சின்ன டயரையே மாட்டிவிடலாம், வண்டி கல்லில் ஏறாமல் நிற்கட்டும், அதைக் காட்டி மறுபடி மனுக் கொடுங்கள் என்று. அக்கா அதை மறுக்கவில்லை. ஷெட்டு ஓரத்தில் கிடந்த சின்ன டயர்களைப் பார்த்தார்.

"வண்டி ஏறாம நின்னுச்சுன்னா, அன்னையிலருந்து நான் போகலன்னு ஆகுமே பாய்."

"ஆகும்."

"போனா அடைப்பு இல்ல. போகலன்னா பாதை இல்ல." ஒரு கணக்கைச் சரிபார்ப்பதுபோல மெதுவாகச் சொன்னார். பிறகு சாவியைத் திருகினார். அன்றைக்குக் கல்லைத் தாண்டிப் போக நேரமாகிவிட்டது.

அதற்கப்புறமும் போய்க்கொண்டுதான் இருந்தார். பட்டறைக்கு வருவது குறைந்தது. வந்தாலும் பேச்சு குறைந்துவிட்டது. பழைய காவல்காரர் போய்விட்டார், புதிதாக வந்தவன் ஹாரனுக்குத் தலை நீட்டுவதில்லை, போனையே பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று ஒருமுறை சொன்னார். அதை ஒரு புகார்போலக்கூடச் சொல்லவில்லை.

அந்த வருஷம் ஐப்பசி மழையில் மூட்டுகளை முடக்கிப் போடுகிற காய்ச்சல் ஊர் ஊராகப் பரவியது. அக்காவையும் படுக்கையில் தள்ளிவிட்டது. எழுந்து உட்கார முடியவில்லை, விரலை மடக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் கஞ்சி வைத்துக் கொடுத்தாளாம். அவள் புருஷன், சாவியைக் குடுங்க, நான் தினமும் வண்டியைக் கொண்டுபோய்த் திருப்பிக்கொண்டு வருகிறேன் என்று கேட்டதற்கு அக்கா கொடுக்கவில்லை. நிலத்துக்குச் சொந்தக்காரி போகாமல் வேறு யார் போனாலும் செல்லாது என்று சொல்லிவிட்டார். மகளுக்குச் சொல்லிவிட வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார். எங்களுக்கும் இதெல்லாம் பின்னால்தான் தெரிந்தது.

மழை விட்டு ஒரு காலைநேரம் அக்காவிடமிருந்து எனக்குப் போன் வந்தது.

"தம்பி, கொஞ்சம் வந்து பாத்துட்டுப் போறியா. இங்க ஒரு பள்ளமா இருக்கு."

பைக்கில் போனேன். குவாரி வாசலைத் தாண்டி ஜீப் நின்றது. அக்கா அதன் முன்சக்கரத்தில் சாய்ந்து நின்றார். பாதி உடம்பாகிவிட்டிருந்தார். கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன. அந்தக் கையையும் காலையும் வைத்துக்கொண்டு வீட்டிலிருந்து எப்படி ஓட்டிவந்தார் என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை.

அவருக்கு முன்னால் பாதையின் குறுக்கே புதிதாக ஒரு அகழி. சீல் வைத்த கல்லை யாரோ திருடிக்கொண்டு போனதால், லாரி உள்ளே வராமல் இருக்கக் குவாரியைச் சுற்றிலும் இயந்திரத்தை வைத்து வெட்டியிருந்தார்கள். ஆள் இறங்கினால் தலை தெரியாத ஆழம். அகலம் ஒரு லாரி படுக்கலாம். அடியில் மழைத்தண்ணீர் செம்மண்ணாகக் கலங்கி நின்றது.

புதுக் காவல்காரனிடம் போய்க் கேட்டேன்.

"இந்தப் பக்கம் ஆளு நடமாட்டம் இருக்கான்னு ஆபீஸுலருந்து வந்து கேட்டாய்ங்க. நானும் கொஞ்ச நாளாப் பாக்குறேன், ஒருத்தரும் வரலையேண்ணே. இல்லன்னு சொன்னேன். வெட்டிட்டாய்ங்க." அவன் பொய் சொல்லவில்லை.

திரும்பி வந்தேன். அக்கா அகழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கு என்ன டயரு போடலாம் தம்பி?"

விளையாட்டாகக் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"இதுக்கு டயரு கெடையாதுக்கா."

"ஸ்பிரிங்க இன்னுங் கொஞ்சம் ஒசத்தி?"

"இல்லக்கா."

"எதுக்கும் பாய்கிட்ட ஒரு வார்த்தை கேளு."

கேட்டேன். போனில் அகழியின் ஆழத்தையும் அகலத்தையும் சொன்னேன். பாய் ஆழத்தை இன்னொருதரம் சொல்லச் சொன்னார். பின்னால் யாரோ இரும்பைத் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. "அக்காவ வீட்டுக்குக் கூட்டிட்டுப் போப்பா," என்றார்.

அதை அப்படியே சொன்னேன். அக்கா தலையை ஆட்டினார். அகழி விளிம்புவரை நடந்து போய், குனிந்து, கரையில் முளைத்திருந்த ஒரு கருவேலங்கன்றைப் பிடித்து இழுத்தார். விரல் மடங்கவில்லை. மூன்றாம்தரம் இழுத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

பைக்கை அங்கேயே நிறுத்திவிட்டு ஜீப்பை நான் எடுத்தேன். அவரால் ஏற முடியவில்லை. இடுப்பைப் பிடித்துத் தூக்கி உட்காரவைத்தேன், எடையே இல்லை. அந்த வண்டியில் அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டுப் போகலாம் என்று வண்டியை மேலூர்ப் பக்கம் திருப்பினேன்.

பாதி வழியில், "மகளுக்கு ஒரு போன் போட்டுக் குடு தம்பி," என்றார். "என் போன எடுக்கமாட்டா. ஒன் போன்ல போடு."

வண்டியை ஓரம் நிறுத்தி, அவர் சொன்ன நம்பருக்குப் போட்டுக் கொடுத்தேன். காதில் வைத்துக்கொண்டார். மணி அடித்து அடித்து நின்றது.

"வேலையா இருப்பா," என்றார்.

மறுபடி போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், பார்த்துவிட்டு அவளே கூப்பிடுவாள் என்றார். போனைத் திருப்பித் தரவில்லை. வயல்கள், செங்கல் சூளை, பெட்ரோல் பங்க் எல்லாம் கடந்து மேலூர் பஸ் ஸ்டாண்ட் கூட்டம் வருகிறவரைக்கும் இரண்டு கையாலும் அதை மடியில் பிடித்துக்கொண்டு, திரையில் வெளிச்சம் வருகிறதா என்று குனிந்து பார்த்தபடியே வந்தார்.